வெள்ளைப்புள்ளிச் சோதனை பிறந்த கதை

கொரோனா வந்த பிறகுதான் பிசிஆர் என்ற பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது. கடலோரத்தில் இறால் வளர்ப்பவர்களுக்கு அது பழகிப்போன பெயர். மரக்காணம் பக்கத்து ஹேச்சரிகளுக்குக் குஞ்சு வாங்கப் போகிற வேதாரண்யத்துப் பண்ணைக்காரரும் பட்டுக்கோட்டைப் பண்ணைக்காரரும் பல ஆண்டுகளாகவே "பிசிஆர் பார்த்தாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். குஞ்சு சுறுசுறுப்பாக நீந்துகிறதா, குடல் நிறைந்திருக்கிறதா, நீளம் ஒரே சீராக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கடன் வாங்கி, டீசல் ஊற்றி, நாலு மாதம் இரவில் தூங்காமல் வளர்த்த இறால் ஒரே வாரத்தில் செத்து மிதக்கும் என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மனிதருக்கு முன்பே இறாலுக்கு ஊர் ஊராக வைரஸ் சோதனை வந்து சேர்ந்தது எப்படி? அந்தக் கதை தைவானில் தொடங்குகிறது. அது இன்னும் முடியவில்லை.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளத்தைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. செக் ட்ரேயில் போட்ட தீனி மீந்து கிடக்கும். அடியில் இருக்க வேண்டிய இறால் மேலே வந்து கரையோரம் மந்தமாகச் சுற்றும். கொக்கும் காக்கையும் நீர்க்காகமும் குளத்தை வட்டமிடும். பல பண்ணைகளில் நோயை முதலில் காட்டிக்கொடுப்பவை அந்தப் பறவைகள்தான். தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை வட்டமான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் காலி. புள்ளி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இறால் விலைபோகும் அளவுக்கு வளர்ந்திருந்தால் அவசர அறுவடை, இல்லையென்றால் பிளீச்சிங் பவுடர். அந்தப் புள்ளியையும் முழுதாக நம்ப முடியாது. வைரஸ் இல்லாமல் வேறு காரணத்தாலும் புள்ளி வரும், வைரஸ் இருந்து புள்ளியே வராமலும் இறால் சாகும்.

இந்த நோய் 1992ல் தைவானிலும் சீனாவின் தென்கிழக்குக் கரையிலும் தலைகாட்டியது. மறு ஆண்டு சீனாவின் இறால் வளர்ப்பு நொறுங்கியது. 1992ல் இரண்டு லட்சம் டன்னைத் தொட்டிருந்த உற்பத்தி 1993ல் ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு அதே ஆண்டு நோய் ஜப்பானுக்குப் போனது. 1994ல் தாய்லாந்துக்கும் நம் கிழக்குக் கரைக்கும் வந்தது. 1999ல் பசிபிக்கைத் தாண்டி ஈக்வடாரைப் பிடித்தது. கடல்வாழ் உயிரினங்களில் இத்தனை வேகமாக உலகைச் சுற்றிய வேறு நோய்கள் மிகச் சில.

ஒவ்வொரு நாடும் தன் குளத்தில் கண்டதற்குத் தானே ஒரு பெயர் வைத்தது. சீனர்கள் ஒரு பெயர், ஜப்பானியர்கள் இரண்டு பெயர், தாய்லாந்துக்காரர்கள் ஒன்று, தைவான்காரர்கள் ஒன்று. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நீள்முட்டை வடிவில் ஒரு துகள். அதைப் பூச்சிகளில் காணப்படும் பாக்குலோவைரஸ் இனத்தில் சேர்த்தார்கள், அது பிறகு தவறென்று தெரிந்தது. நாடுகள் பேசுவது ஒரே எதிரியைப் பற்றியா, நாலைந்து எதிரிகளைப் பற்றியா என்பதற்கே விடை கிடையாது. வடிவத்தை வைத்து வாதாடிக்கொண்டிருந்தால் இது தீர்ந்திருக்காது. வைரஸின் டிஎன்ஏவைப் படித்தால்தான் தீரும்.

அதற்குப் பொருத்தமான இடமாகத் தைவான் இருந்தது தற்செயல் அல்ல. டைகர் இறாலை முட்டையிலிருந்து குஞ்சாக வளர்த்தெடுக்கும் முறையை 1968ல் ஐ-ச்சியூ லியாவ் சாத்தியமாக்கினார். நம் ஊர் ஹேச்சரிகள் உட்பட ஆசியாவின் டைகர் வளர்ப்பு அந்த வேலையின் மேல் எழுந்ததுதான். இருபது ஆண்டுகளில் தைவான் டைகர் உற்பத்தியில் உலகின் முன்னணிக்கு வந்தது, 1987ல் உச்சத்தைத் தொட்டது, மறு ஆண்டே விழுந்தது. நெருக்கி வளர்த்தது, நிலத்தடி நீரை உறிஞ்சியது, குளத்தின் அடிச்சேறு அழுகியது, வைரஸ் என்று காரணங்கள் பலவாகச் சொல்லப்பட்டன. தொழில் கண்முன்னே சரிந்ததைப் பார்த்த ஒரு நாட்டின் ஆய்வுக்கூடங்களில் இறாலின் நோய் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியலாளர் சூ-ஃபாங் லோவும் மீன்நோய் ஆய்வில் மூத்தவரான குவாங்-சியுங் கோவும் சேர்ந்து இதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த தடை, மனித வைரஸோடு வேலை செய்பவர்களுக்கு இல்லாத ஒன்று. மனித வைரஸையோ மாட்டு வைரஸையோ கண்ணாடிக் குப்பியில் செல்களை வளர்த்து அதில் பெருக்கலாம். இறாலின் செல்கள் குப்பியில் சில நாள் உயிரோடு இருக்கும், நிலைத்துப் பெருகாது. அப்படிப் பெருகும் செல் வரிசை அன்றும் இல்லை, இன்றும் ஆய்வாளர்கள் கையில் நம்பகமாக இல்லை. அடுத்த தடை, இறாலின் ரத்தத்தில் நம்முடையதைப் போல் குறிப்பிட்ட நோய்க்கென்று எதிர்ப்புப் புரதங்கள் உருவாவதில்லை. நமக்கு ரத்தத்தை எடுத்து 'உனக்கு இந்த நோய் வந்துபோயிருக்கிறது' என்று சொல்லும் வழியெல்லாம் இறாலிடம் அடைபட்டுவிடுகிறது. மிஞ்சியது ஒரே வழி. நோயுற்ற இறாலிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, அதன் டிஎன்ஏவை நேராகத் தேட வேண்டும்.

1995ல் அந்தக் குழு செத்துக்கொண்டிருந்த டைகர் இறால்களிலிருந்து வைரஸைச் சுத்தமாகப் பிரித்து, அதன் டிஎன்ஏ ஒன்றரை லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம் என்று அறிவித்தது. உண்மையான நீளம் அதைப்போல இரு மடங்கு என்பது 2001ல்தான் தெரிந்தது. சீன ஆய்வாளர்கள் தங்கள் வைரஸை முழுதாக வாசித்து 3,05,107 என்று எண்ணிச் சொன்னார்கள். தாய்லாந்து வைரஸை வாசித்த நெதர்லாந்துக்காரர்களுக்கு 2,92,967 வந்தது. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது உலகில் வேறெங்கும் உறவே கண்டுபிடிக்க முடியவில்லை. இது பாக்குலோவைரஸ் அல்ல, தனிக்குடும்பம் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் சோதனைக்கு முழு வைரஸும் தேவையில்லை. அதற்கு மட்டுமே உரிய ஒரு துண்டு போதும். வேறு எந்த உயிரிலும் இருக்கக் கூடாது, இறாலின் சொந்த டிஎன்ஏவில் கண்டிப்பாக இருக்கக் கூடாது. லோவின் குழு பிடித்துக்கொண்ட துண்டு, அதைத் தேடும் பிரைமர்களின் பெயரில் இன்றும் 146 என்ற எண்ணாக நிற்கிறது.

பிசிஆர் அப்போது புதிய கருவி. கலிபோர்னியாவில் காரி மல்லிஸ் அதை நினைத்தது 1983ல். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியைச் சேர்த்து, கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் நிற்காமல் ஓடும்படி ஆனது 1980களின் கடைசியில். மல்லிஸுக்கு நோபல் கிடைத்த 1993ல்தான் சீனாவின் இறால் குளங்கள் செத்தன. நடக்கும் விஷயம் எளிது. தேடும் துண்டின் இரு முனைகளிலும் ஒட்டக்கூடிய இரண்டு சிறு டிஎன்ஏ இழைகளைப் போட வேண்டும், அவைதான் பிரைமர்கள். சூடாக்கினால் டிஎன்ஏ இரண்டாகப் பிரியும், குளிரவைத்தால் பிரைமர்கள் இடம் பார்த்து ஒட்டும், நொதி இடையில் உள்ளதை எழுதி நிரப்பும். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிக்கும். முப்பது, நாற்பது சுற்று ஓடினால் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது ஜெல்லில் ஒரு கோடாகத் தெரியும். பிரைமர் ஒட்ட இடம் இல்லையென்றால் கோடு விழாது.

1996ல் 'டிசீசஸ் ஆஃப் அக்வாட்டிக் ஆர்கனிசம்ஸ்' என்ற ஆய்விதழில் லோவும் கூட்டாளிகளும் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கான பிசிஆரை வெளியிட்டார்கள். கோடு விழ வேண்டிய இடம் 1,447 எழுத்து நீளம். ஜப்பானிலும் அதே ஆண்டு இதே முயற்சி நடந்து பலன் தந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தைவான் முறையை உலகம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதே ஆண்டில் அவர்கள் செய்த அடுத்த வேலை.

முதல் சோதனை நோய் முற்றிய இறாலில் வைரஸைக் காட்டியது. அதற்கு இயந்திரம் தேவையில்லை, பறவைகளே போதும். பண்ணைக்காரருக்குத் தெரிய வேண்டியது, பார்வைக்கு நல்லபடியாக இருக்கும் இறாலுக்குள் வைரஸ் இருக்கிறதா என்பது. அங்கே வைரஸ் மிகக் குறைவாக இருக்கும், ஒரு சுற்றுப் பிசிஆருக்குத் தட்டுப்படாது. லோவின் குழு முதல் பிசிஆரில் கிடைத்ததையே எடுத்து, அந்தத் துண்டுக்கு உள்ளே ஒட்டும் வேறு இரண்டு பிரைமர்களோடு மறுபடி ஓட்டியது. இப்போது கோடு 941ல் விழும். நெஸ்டட் பிசிஆர் என்பது இதுதான். ஒரு பெரிய ஊரில் தெருவைக் கண்டுபிடித்த பிறகு அந்தத் தெருவுக்குள் நின்று வீட்டைத் தேடுவது மாதிரி. முதல் தடவை தப்பான இடத்தில் ஒட்டியிருந்தால் இரண்டாம் தடவை அது வெளியே போய்விடும். கூடவே இறாலின் சொந்த டிஎன்ஏவில் 848ல் கோடு விழும் இன்னொரு ஜோடிப் பிரைமரையும் வைத்தார்கள். வைரஸ் கோடு விழாமல் போனால், வைரஸ் இல்லாததாலா, டிஎன்ஏவே சரியாக எடுபடாததாலா என்று அது சொல்லிவிடும். அந்த மூன்று எண்களும் உலகக் கால்நடை நல அமைப்பின் கையேட்டில் ஏறின. நம் ஊர்ச் சோதனைக்கூடத்து ஜெல் படங்களில் கோடுகள் நின்ற இடங்களும் அவைதான்.

இந்தக் கருவியோடு அவர்கள் குளத்துக்கு வெளியே போனார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடலில் பிடித்த இறால், குளத்துக்குள் புகுந்த நண்டு, தண்ணீரில் மிதக்கும் கோபிபோடு என்ற பொடி உயிர்கள், கரையோர ஈயின் புழு எல்லாவற்றையும் அரைத்துச் சோதித்தார்கள். வெள்ளைப்புள்ளி வைரஸ் அவற்றிலெல்லாம் இருந்தது. பெரும்பாலானவை நோயில்லாமல் இருந்தன. மற்ற இறால் வைரஸ்கள் பெரும்பாலும் சில இனங்களோடு நின்றுகொள்ளும், இது ஓட்டுடலிகளின் பெருங்குடும்பத்தையே வீடாக்கிக்கொண்டிருந்தது. குளத்தைக் காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு போட்டு, நல்ல தண்ணீர் நிரப்பினால் போதும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. இன்று பண்ணைகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் நண்டு வேலிக்கும், மேலே இழுத்திருக்கும் பறவைக் கயிறுக்கும், வாய்க்கால் தண்ணீரை வடிகட்டும் மெல்லிய வலைக்கும் மூலம் அந்த ஆய்வுதான்.

அடுத்த சந்தேகம் தாய் இறால்மேல் விழுந்தது. டைகர் இறாலுக்குத் தாய் கடலிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தாய்க்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, ஒரு கண் தண்டை நசுக்கி முட்டை முதிரவைத்து, ஒரே இரவில் லட்சக்கணக்கான முட்டை வாங்குவார்கள். அந்தத் தாயைக் கொல்லாமல் சோதிக்க வேண்டும். லோவின் குழு நீந்துகாலில் சிறு துண்டு வெட்டிச் சோதித்தது. 1997ல் வெளிவந்த ஆய்வு சூற்பையின் திசுவிலேயே வைரஸ் இருப்பதைக் காட்டியது. தொற்றிய முட்டைச் செல்கள் முதிர்வதற்கு முன்பே அழிந்துபோவதாகத் தெரிந்தது. ஆக, குஞ்சுக்கு வைரஸ் முட்டைக்குள் அமர்ந்து வருவதைவிட, தாய் முட்டையோடு சேர்த்துத் தண்ணீரில் விடும் வைரஸால் வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஹேச்சரிகளில் முட்டையை அயோடினில் கழுவுவது இந்தப் புரிதலிலிருந்து நியாயம் பெற்றது. 1999ல் இன்னொரு பாடம். முட்டையிடுவதற்கு முன் நெகட்டிவ் என்று வந்த தாய்களில் பல, முட்டையிட்ட பிறகு சோதித்தால் பாசிட்டிவ் ஆயின. பிரசவத்தின் அலுப்பில் அதுவரை ஒளிந்திருந்த வைரஸ் பெருகியிருந்தது. தாயை முட்டையிட்ட பிறகு சோதி என்ற விதி அப்படி வந்தது. முட்டை கையில் வந்த பிறகு பாசிட்டிவ் என்று தெரிந்தால் லட்சக்கணக்கான முட்டையைக் கொட்ட மனம் வருமா என்பது அறிவியல் பதில் சொல்லாத கேள்வி.

தாய்லாந்தில் பூன்சிர்ம் வித்யாச்சும்னார்ன்குல் குஞ்சுகளைச் சோதித்து, நெகட்டிவ் குஞ்சு விட்ட குளங்களையும், பாசிட்டிவ் குஞ்சு விட்ட குளங்களையும் அறுவடை வரை தொடர்ந்து பார்த்து 1999ல் எழுதினார். பாசிட்டிவ் குஞ்சு விட்ட குளங்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. நெகட்டிவ் குஞ்சு விட்ட குளங்களிலும் சில செத்தன, ஆனால் வித்தியாசம் கண்கூடாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக் கோடு பண்ணைக்காரரின் கணக்கில் பணமாக மாறியது அந்த இடத்தில். அதன் பிறகு பிசிஆர் யார் சொல்லியும் பரவ வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு அது வந்த காலம் கொந்தளிப்பானது. நாகப்பட்டினத்தில் விளைநிலத்தை உப்பாக்கும் இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடிக்கொண்டிருந்தார்கள். லோவின் சோதனை வெளிவந்த அதே 1996ல், டிசம்பர் 11 அன்று, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் தொழிற்பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தப் போராட்டத்தின் பக்கம் இருந்த நியாயத்தை வைரஸும் வேறு வழியில் மெய்ப்பித்தது என்றே நினைக்கிறேன். ஒரே வாய்க்காலில் ஒருவர் கழிவுநீரை விட, அதையே அடுத்தவர் இறைக்க, ஒட்டி ஒட்டி வெட்டிய குளங்கள்தான் நோய்க்கு வழி அமைத்தன.

சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், நாம் சிபா என்று சொல்வது, நெஸ்டட் பிசிஆர் கிட் ஒன்றைத் தானே உருவாக்கியது. 2005ல் அங்கிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தாய் இறாலுக்கு முட்டை நன்றாக முதிரட்டும் என்று ஹேச்சரிகள் வாங்கிப் போடும் கடற்புழு வைரஸைச் சுமந்து வந்து தாய்க்கே கொடுக்கிறது என்று அது காட்டியது. சோதித்து, கழுவி, தனிமைப்படுத்தி வைத்த தாய்க்குத் தீனியின் வழியே நோயை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, தோல் தொழிலுக்குப் பேர்போன மேல்விஷாரத்தில், சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் அ. சா. சாகுல் ஹமீது ஒரு வைரஸ் ஆய்வுக்கூடத்தைக் கட்டி எழுப்பினார். இந்தியக் கடல்களின் இருபது வகை நண்டுகளுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003ல் அங்கிருந்து வந்தது. நன்னீர் இறாலின் வெண்வால் நோய்க்கு உலக அளவிலான மேற்கோள் ஆய்வுக்கூடமாக அந்தக் கல்லூரி பின்னர் அங்கீகாரம் பெற்றது.

சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொட்டியில் லட்சக்கணக்கில் குஞ்சு இருக்கும், எடுப்பது 150. நூற்றுக்கு இரண்டு குஞ்சுக்குத் தொற்று இருந்தால் அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பிடித்துவிட அந்த எண்ணிக்கை போதும் என்பது புள்ளியியல் கணக்கு. தொற்று ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால் 150 பெரும்பாலும் பேசாமல் தாண்டிவிடும். குஞ்சின் கண்ணைச் சேர்த்து அரைத்தால் கண்ணில் உள்ள பொருள் பிசிஆரையே தடுத்துவிடும், அதனால் கண்ணை நீக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டாலும் ஜெல்லில் நெகட்டிவ் வரலாம். நெகட்டிவ் என்று தரும் சீட்டு 'நாங்கள் தேடியதில் கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்கிறது. அதை 'நோய் வராது' என்று எழுதிக் கொடுத்த உத்தரவாதமாக விற்றவர்கள் உண்டு, அப்படி நம்பி வாங்கியவர்களும் உண்டு. நட்டம் வாங்கியவருக்குத்தான்.

ஏன் இவ்வளவு பாடு? தடுப்பூசி போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். இறாலின் உடலில் தடுப்பூசி பிடித்துக்கொள்ளும் இடம் இல்லை என்பதுதான் அன்றைய பாடம். அதன் ரத்தச் செல்கள் நுழைந்தவனை விழுங்கும், சூழ்ந்து முடிச்சுப்போடும். பாக்டீரியாவின், பூஞ்சையின் சுவர்ப்பொருள் பட்டதும் கறுத்து உறையும் ஒரு நொதித் தொடர் விழிக்கும். சுவீடனின் உப்சாலாவில் கென்னத் சோடர்ஹால் நன்னீர்ச் சிங்கிறாலில் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வனாமி என்ற இறால் இனத்தின் ரத்தச் செல்களிலிருந்து பெனெய்டின் என்ற நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்களை 1997ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரித்தார்கள். இவையெல்லாம் பொதுக்காவல். இன்னாரென்று அடையாளம் வைத்து மறுமுறை அவரையே பிடிக்கும் ஏற்பாடு இல்லை. அதனால்தான் வைரஸை உள்ளே விடாமல் தடுப்பது, அதற்கு முதலில் அதைக் காண்பது என்று எல்லாமே சோதனையின் தலையில் விழுந்தது.

அந்தப் பாடம் 2000 வாக்கில் ஆட்டம் காணத் தொடங்கியது. ஜப்பானில் வெள்ளைப்புள்ளியிலிருந்து பிழைத்த குருமா இறால்களுக்கு மறுபடி வைரஸைக் கொடுத்தபோது கொஞ்ச காலம் அவை தாக்குப்பிடித்தன. 2004, 2005ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஹாவியர் ரோபலினோவும் கூட்டாளிகளும் வைரஸ் மரபணுவின் இரட்டை இழை ஆர்என்ஏவை வனாமிக்குச் செலுத்தினார்கள். அந்த வைரஸுக்கே உரிய எதிர்ப்பு கிளம்பியது. தாய்லாந்தில் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் சகோல் பன்யிம் குழு மஞ்சள்தலை என்ற இன்னொரு இறால் வைரஸை அதே முறையில் அடக்கியது. மேல்விஷாரத்தில் சாகுல் ஹமீது குழு வைரஸின் மேலுறைப் புரதமான விபி28க்கு உரிய இரட்டை இழை ஆர்என்ஏவைப் பாக்டீரியாவில் தயாரித்து, தீனியில் கலந்து டைகருக்கு ஊட்டி, அது காப்பதை 2008ல் காட்டியது. எழுத்துக்கு எழுத்து அடையாளம் பார்த்து வைரஸ் ஆர்என்ஏவை வெட்டும் இயந்திரம் இறாலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. ஆய்வுத் தொட்டியில் பலித்தது, ஒரு ஹெக்டேர் குளத்தில் லட்சக்கணக்கான இறாலுக்கு மலிவாகக் கொடுக்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை.

தொழில் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சோதனையின் தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனால் கிடைப்பது, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அறவே இல்லாத தாய் இறால். ஹவாயில் வனாமியை அப்படிப் பல தலைமுறை வளர்த்தெடுத்திருந்தார்கள். இந்தியா 2009ல் வனாமிக்கு அனுமதி தந்தது. இறக்குமதியாகும் தாய்கள் சென்னை நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, சோதனை தாண்டித்தான் ஹேச்சரிக்குப் போகின்றன. ஈக்வடார் எதிர்வழியில் போனது. 1999 அழிவில் பிழைத்தவற்றையே தாயாக்கி, வைரஸ் இருக்கும் குளங்களிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 2022ல் அதன் இறால் ஏற்றுமதி பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. ஈக்வடாரின் நிலப்பரப்பும் நெருக்கமில்லாத வளர்ப்பும் நமக்கு இல்லை, அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனாலும் ஒளித்து வளர்ப்பதே ஒரே வழி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிழைத்தவை எதனால் பிழைத்தன? பாங்காக்கில் இந்தக் கேள்வியை முதலில் விடாப்பிடியாகப் பிடித்தவர் மஹிடோலின் திமோதி ஃபிளேகல். 1990களின் தொடக்கத்தில் மஞ்சள்தலை நோய் தாய்லாந்துக் குளங்களை அழித்தது, சில ஆண்டுகளில் தானாகவே தணிந்தது. வைரஸ் போய்விடவில்லை. நன்றாக வளர்ந்த அறுவடை இறாலுக்குள் ஒன்றுக்கு இரண்டு வைரஸ்கள் இருந்தன, நோய் இல்லை. இறால் வைரஸை விரட்டுவதில்லை, அதோடு சேர்ந்து வாழும் உடன்பாட்டுக்கு வருகிறது என்று 1998ல் அவர் எழுதினார். 2009ல் இன்னும் துணிந்து ஒன்றைச் சொன்னார். வைரஸின் சிறு துண்டுகளை இறால் தன் சொந்த டிஎன்ஏவில் செருகி வைத்துக்கொள்கிறது, அங்கிருந்து எழும் ஆர்என்ஏ அதே வைரஸை அடக்குகிறது, விந்து அல்லது முட்டைச் செல்லில் செருகப்பட்டால் அது பிள்ளைக்கும் போகும். அப்போது அது கருதுகோள்தான். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மரியா-கார்லா சலே குழு, பழ ஈ வைரஸ் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எதிர்ப்புக்குப் பயன்படுத்துவதை 2013ல் காட்டியபோது பலர் திரும்பிப் பார்த்தார்கள். 2021ல் தாய்லாந்துக் குழு டைகர் இறாலுக்குள்ளேயே வைரஸ் எழுத்துகள் கொண்ட வட்ட டிஎன்ஏக்களைப் பிரித்தெடுத்தது. அவற்றில் சில வந்த வைரஸிலிருந்து எழுதப்பட்டவை, சில இறாலின் பழைய செருகல்களிலிருந்து வந்தவை.

அந்தச் செருகல்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது பிசிஆர்தான். ஐஎச்எச்என்வி என்று ஒரு சிறிய வைரஸ். ஆப்பிரிக்க, ஆஸ்திரேலிய டைகர் இறால்களில் அதற்கான சோதனை பாசிட்டிவ் காட்டியது, ஆனால் தொற்றும் வைரஸ் கிடைக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் கேத்தி டாங்கும் டொனால்ட் லைட்னரும் 2006ல் அதற்கு விடை கண்டார்கள். வைரஸின் எழுத்துகள் இறாலின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பதிந்திருந்தன. மறு ஆண்டே உண்மையான வைரஸை மட்டும் பிடிக்கும் வேறு பிரைமர்களை அமைத்தார்கள். பிறகு தாய்லாந்து டைகர்களில் அந்தப் பிரைமர்களையும் ஏமாற்றும் செருகல்கள் கிடைத்தன. ஒவ்வொரு இறாலும் வேறு வேறு துண்டுகளை வைத்திருக்கிறது.

இதனால் இனப்பெருக்கக் கூடங்களில் இன்று நடைமுறையில் ஒரு சிக்கல். முப்பது ஆண்டுப் பழக்கப்படி பாசிட்டிவ் கோடு விழுந்த தாயை வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தக் கோடு வைரஸாலும் விழலாம், வைரஸை எதிர்க்க இறால் எழுதி வைத்த துண்டாலும் விழலாம். ஒரே பிரைமரை வைத்து நூல் பிடித்தாற்போல் ஒதுக்கினால், எந்தத் தாய்களை வைத்துப் பிள்ளை எடுக்க வேண்டுமோ அவற்றையே கழிப்பதாகிவிடும் என்று ஃபிளேகல் குழு எச்சரிக்கிறது. அதனால் வைரஸின் ஒரே இடத்தில் பார்த்து முடிக்காமல், அதன் நீளம் முழுக்கப் பல இடங்களில் பிரைமர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் கோடு விழுந்தால் வைரஸ், அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் செருகல். செலவு கூடும், நேரமும் கூடும். ஆனால் செருகல் மட்டும் உள்ள தாயை அதற்குப் பிறகு தொட்டியிலேயே விட்டுவைக்கலாம்.